இரவல் கேசட்

தமிழ் கற்பிப்பவர்களுக்கு வீடியோ கேம் பெட்டிகளின் வணிகத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. அப்பெட்டிகளின் வேகமும் திரைத் துல்லியமும் நம் அறிவுக்கு எட்டாதவை. எட்டினாலும் அவற்றில் நமக்குப் பெரிய ஆர்வம் இல்லை. ஆயினும் நிண்டெண்டோ, சேகா, சோனி, மைக்ரோசாப்ட் ஆகிய நிறுவனங்கள் நாற்பது ஆண்டுகளாக நடத்திவந்த போட்டியைச் சற்று ஊன்றிக் கவனித்தால், விலை, விளம்பரம், தொழில்நுட்பம் ஆகிய வெளிப்படையான படைக்கலங்களுக்கு அடியில் ஒரே வழக்கு திரும்பத் திரும்ப நடந்துகொண்டிருப்பது புலப்படும். காசு கொடுத்து வாங்கிய விளையாட்டை, ஆடி முடித்த பின், அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு இரவல் கொடுக்கலாமா கூடாதா என்பதே அவ்வழக்கு. இரவல் என்னும் சொல் புத்தகங்களோடு வாழ்கிறவர்களுக்கு அந்நியமானதன்று. அந்த உரிமையில் இதை எழுதத் துணிகிறோம்.

குரோம்பேட்டை ரயில் நிலையத்திலிருந்து ராஜேந்திர பிரசாத் சாலை வழியே கிழக்கே வந்தால் எங்கள் அஸ்தினாபுரம். பாரதக் கதையில் சூதாட்டம் நடந்த தலைநகரின் பெயர் இந்தப் புறநகருக்கு எவ்வாறு வாய்த்தது என்ற ஆராய்ச்சி இங்கு வேண்டாம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இங்கே வீடுகளைவிடக் காலி மனைகள் மிகுதி. மாலையில் அம்மனைகளில் கிரிக்கெட். மழை பெய்தால் அவை குளம். அப்படியொரு மழைக்காலத்தில்தான் ‘டிவி கேம்’ எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தது.

‘சாமுராய்’, ‘லிட்டில் மாஸ்டர்’ என்றெல்லாம் பெயர் தாங்கிய பெட்டிகள் அவை. இரண்டு கைப்பிடிகள், ஒரு மின்மாற்றி, தொலைக்காட்சியின் பின்புறம் செருகும் ஒரு கம்பி. மேலே ஒரு பிளவு. அதில் கேசட்டைச் செருக வேண்டும். உள்ளே ஒலிநாடா எதுவும் கிடையாது. இருந்தும் நாங்கள் எல்லோரும் அதைக் கேசட் என்றே அழைத்தோம். படம் வரவில்லையென்றால் கேசட்டை உருவி, அதன் அடிவாயில் ஊதி, மீண்டும் செருகுவோம். யாரும் கற்றுக்கொடுக்காமலே உலகெங்கும் பிள்ளைகள் இதையே செய்திருக்கிறார்கள் என்பதைப் பிற்காலத்தில் அறிந்து வியந்தோம்.

பெட்டி இருந்த வீடுகள் தெருவுக்கு இரண்டு அல்லது மூன்று. ஒவ்வொரு வீட்டிலும் கேசட் நான்கைந்துக்கு மேல் இராது. ஆனால் தெருப் பிள்ளைகள் ஆடிய ஆட்டங்களைக் கணக்கிட்டால் அவை ஐம்பதைத் தாண்டும். காண்ட்ரா எங்களிடம் ஒரு வாரம், மரியோ மூன்றாம் வீட்டில் ஒரு வாரம் என்று கேசட்டுகள் சுற்றிக்கொண்டே இருந்தன. பெட்டி இல்லாத வீட்டுப் பிள்ளையிடமும் ஒரு கேசட் இருக்கும். அதைக் கொண்டுவருபவனுக்கு விளையாடும் உரிமை தானாகக் கிடைத்துவிடும். பிறந்தநாளுக்கு ஒரேயொரு கேசட் வாங்கித் தந்தால் அப்பிள்ளைக்குத் தெருவிலுள்ள கேசட்டுகள் அத்தனையும் வசமாகும் என்பது பெற்றோருக்கும் தெரிந்திருந்தது. வாடகை நூலகங்களில் கதைப் புத்தகம் எடுத்துப் படித்து வளர்ந்தவர்கள், வார இதழ்த் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வீடு வீடாக அனுப்பியவர்கள் அவர்கள். அந்த வழக்கத்தை இந்தப் புதிய பொருளுக்கும் நீட்டித்தார்கள், அவ்வளவே.

எங்கள் தெருவில் இவ்வளவு இயல்பாக நிகழ்ந்த ஒன்று, கடலுக்கு அப்பால் பெரும் சச்சரவாக இருந்தது. சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம்.

1977இல் வெளிவந்த அடாரி நிறுவனத்தின் பெட்டி, கேசட் மாற்றி விளையாடும் முறையை அமெரிக்க வீடுகளில் பரவச் செய்தது. அப்பெட்டிக்கு யார் வேண்டுமானாலும் விளையாட்டு செய்து விற்கலாம் என்ற நிலை விரைவிலேயே உருவாகிவிட்டது. அடாரியை விட்டு வெளியேறியவர்கள் 1979இல் ஆக்டிவிஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கி அதே பெட்டிக்கு விளையாட்டுகள் செய்தார்கள். பின்னர் தரமற்ற சரக்கு குவிந்தது. 1983இல் சந்தை சரிந்தது. விற்காத கேசட்டுகளை அடாரி நிறுவனம் நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோ என்ற ஊரின் குப்பை மேட்டில் கொட்டிப் புதைத்தது. கட்டுக்கதை என்று பலர் எண்ணியிருந்த அச்செய்தி, 2014இல் அவ்விடத்தைத் தோண்டிப் பார்த்தபோது மெய்யென்று உறுதியாயிற்று.

இந்தச் சரிவிலிருந்து நிண்டெண்டோ கற்ற பாடம், கதவைப் பூட்ட வேண்டும் என்பது. அந்நிறுவனம் 1983 ஜூலையில் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் பெட்டியில் பூட்டு கிடையாது. 1985இல் அமெரிக்காவுக்கு அனுப்பிய வடிவத்திலோ, பெட்டிக்குள் ஒரு சிப்பும் கேசட்டுக்குள் ஒரு சிப்பும் வைத்து, இரண்டும் தமக்குள் பேசி ஒத்துப்போனால் மட்டுமே ஆட்டம் தொடங்கும்படி செய்தார்கள். விளையாட்டு எழுதும் நிறுவனங்கள் கேசட்டை நிண்டெண்டோவிடமே அச்சிட்டு வாங்க வேண்டும். ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுகளுக்கு மேல் வெளியிடக் கூடாது. அவற்றை இரண்டு ஆண்டுகளுக்கு வேறு எந்தப் பெட்டிக்கும் தரக் கூடாது. நிபந்தனைகள் இவ்வாறு அமைந்தன. பெட்டியைக் குறைந்த விலைக்குக் கொடுத்து, ஒவ்வொரு கேசட்டிலும் பங்கு பெறும் வணிக முறை இப்படித்தான் வலுப்பெற்றது.

இவ்விடத்தில் நமக்கொரு சுவையான செய்தி உண்டு. எங்கள் தெருவுக்கு வந்த பெட்டிகள், பூட்டில்லாத அந்த ஜப்பானியப் பெட்டியைப் பார்த்துக் கிழக்காசியத் தொழிற்சாலைகள் செய்த போலிகள். நிண்டெண்டோவின் பெயர் அறியாமலே நாங்கள் நிண்டெண்டோவின் விளையாட்டுகளை ஆடினோம். அமெரிக்கப் பிள்ளைகளின் பெட்டியில் பூட்டு இருந்தது, எங்களுடையதில் இல்லை. எங்களுக்குத் தெரிந்த வரலாறு இந்தப் பூட்டில்லாப் பெட்டியிலிருந்தே தொடங்குகிறது.

பூட்டு வைத்தவர்கள் வாங்கியவரின் கையையும் பார்க்கத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் பிளாக்பஸ்டர் போன்ற ஒளிநாடாக் கடைகள் விளையாட்டுக் கேசட்டுகளையும் வாடகைக்குக் கொடுத்துவந்தன. ஒருவர் வாங்கிய ஒன்றை நூறு பேர் ஆடுவது நிண்டெண்டோவுக்குப் பொறுக்கவில்லை. 1989இல் அக்கடையின் மீது வழக்குத் தொடுத்தது. வாடகையையே குற்றமென்று சொல்லச் சட்டத்தில் இடமில்லாததால், விளையாட்டின் செய்முறைக் கையேட்டை நகலெடுத்துக் கொடுத்தார்கள் என்பதே வழக்குக்குக் காரணமாகக் காட்டப்பட்டது. கணினி மென்பொருளை வாடகைக்கு விடுவதைத் தடுக்கும் அமெரிக்கச் சட்டம் 1990இல் நிறைவேறியபோது, விளையாட்டுப் பெட்டிகளின் கேசட்டுகளுக்கு அதில் விலக்கு அளிக்கப்பட்டது. ஜப்பானிலும் பழைய விளையாட்டுகளை விற்கும் கடைகளுக்கு எதிராக வழக்குகள் நடந்தன. விற்ற பொருளின் மறுவிற்பனையை விற்றவர் தடுக்க முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2002 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. இரண்டு நாடுகளிலும் இரவல் பிழைத்துக்கொண்டது.

இந்தியாவுக்குள் முறைப்படி நுழைய முயன்ற தொடக்கக்கால நிறுவனங்களில் சேகாவும் ஒன்று. இறக்குமதித் தீர்வை 80 விழுக்காடு இருந்த காலம். அதைச் சமாளிக்க, மதுபானத் தொழிலில் பெயர்பெற்ற ஷா வாலஸ் நிறுவனத்தோடு 1995இல் ஒப்பந்தம் செய்துகொண்டு மெகா டிரைவ் பெட்டியைக் கொண்டுவந்தது. விலை 18,000 ரூபாய். அன்று எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அது பல மாத வருமானம். பிரேசில் நாட்டில் டெக்டாய் என்ற உள்ளூர் நிறுவனத்தோடு கைகோத்து மக்களிடம் வேரூன்றிய அதே சேகா, இங்கு வந்த சுவடு தெரியாமல் போயிற்று. எங்கள் தெருவில் ஒருவரும் அப்பெட்டியைக் கண்ணால் கண்டதில்லை.

இதற்குள் சோனி களத்தில் இறங்கியிருந்தது. 1994 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த பிளேஸ்டேஷன், கேசட்டைக் கைவிட்டுக் குறுந்தகட்டை ஏற்றது. தகடு அச்சிடச் செலவு குறைவு. தேவைக்கேற்ப விரைவாக அச்சிடலாம். 1996இல் வந்த நிண்டெண்டோவின் அடுத்த பெட்டி கேசட்டையே பிடித்துக்கொண்டு நின்றபோது, விளையாட்டு எழுதுவோர் பலர் சோனியின் பக்கம் சாய்ந்தார்கள். நிண்டெண்டோவோடு நெடுநாள் உறவு வைத்திருந்த ஸ்கொயர் நிறுவனம் ‘ஃபைனல் ஃபேண்டஸி’ வரிசையின் ஏழாம் பாகத்தை 1997இல் சோனிக்குக் கொடுத்தது இதற்குப் பெரும் சான்று. சேகாவோ 2001 ஜனவரியில், இனிப் பெட்டி செய்வதில்லை என்று அறிவித்து ஒதுங்கிக்கொண்டது.

ஆனால் தகட்டை நகலெடுப்பது எளிது. கடற்கரை ரயில் நிலையத்தில் இறங்கினால் பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பிவந்த தமிழர்களின் பிழைப்புக்காக 1969இல் தோன்றிய அக்கடை வரிசையில், இரண்டாயிரத்தின் முதல் ஆண்டுகளில், நகல் தகடுகள் பிளாஸ்டிக் உறைகளில் அடுக்கியிருக்கும். பெட்டியைத் திறந்து ஒரு சிப்பைப் பற்றவைத்துத் தந்தால் எந்த நகலும் அதில் ஓடும். இதனால் வணிக முறை தலைகீழாயிற்று. பெட்டியை மலிவாகக் கொடுத்து விளையாட்டில் மீட்பது அவர்கள் திட்டம். இங்கோ தீர்வையால் பெட்டி விலை ஏறிக் கிடந்தது. விளையாட்டோ தேநீர் விலையைச் சற்றே தாண்டியது. இலாபம் ஈட்ட வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை.

நகலையும் இரவலையும் ஒன்றாக வைத்துப் பேசுவது பிழை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். இரவலில் பொருள் ஒன்றே. அது அடுத்த கைக்குப் போகும்போது முதல் கை வெறுமையாகிறது. கொடுத்தவர் காத்திருக்கிறார், வாங்கியவர் திருப்பித் தரக் கடமைப்படுகிறார். அதனால் இருவருக்கும் இடையே ஓர் உறவு நிற்கிறது. நகலில் உறவு ஏதுமில்லை. எழுதியவருக்குக் கூலியும் இல்லை. நிறுவனங்கள் நகலைக் காட்டி இரவலையும் குற்றப் பட்டியலில் சேர்க்க முயன்றதுதான் இந்த வரலாற்றின் சிக்கல்.

இந்தியச் சந்தையில் பின்னர் நடந்ததும் இதனோடு தொடர்புடையதே. 2006 செப்டம்பரில் மைக்ரோசாப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் 360 பெட்டியை 19,990 ரூபாய் தொடக்க விலையில் கொண்டுவந்தது. யுவராஜ் சிங்கும் அக்‌ஷய் குமாரும் அதை விளம்பரப்படுத்தினார்கள். 2007 ஏப்ரலில் சோனி தன் பிளேஸ்டேஷன் 3 பெட்டியை 39,990 ரூபாய்க்கு இறக்கியது. விலையை மட்டும் பார்த்தால் மைக்ரோசாப்ட் வென்றிருக்க வேண்டும். ஆனால் சோனி தன் முந்தைய பெட்டியான பிளேஸ்டேஷன் 2ஐக் கைவிடாமல், விலையைக் குறைத்துக் குறைத்து இங்கே விற்றுக்கொண்டே இருந்தது. ஹைதராபாத்தில் உருவான ‘ஹனுமான்: பாய் வாரியர்’ என்ற விளையாட்டு 2009இல் அப்பெட்டிக்கென்றே வெளிவந்தது. உலகின் பிற பகுதிகள் அடுத்த தலைமுறைக்குச் சென்ற பின்னரும், 2013 தொடக்கத்தில் உற்பத்தி நிற்கும் வரையில், அந்தப் பழைய பெட்டியே எங்கள் பகுதிப் பிள்ளைகளின் பெட்டியாக இருந்தது. அண்ணன் ஆடிய தகடு தம்பிக்கும், தம்பி ஆடியது எதிர்வீட்டுக்கும் போயிற்று. தெருவில் ஏற்கெனவே தகடுகள் சுற்றிக்கொண்டிருக்கும் பெட்டியைத்தான் அடுத்தவரும் வாங்குவார் என்பது எளிய கணக்கு. இரவல் விற்பனையைக் கெடுக்கும் என்று அஞ்சியவர்கள், இரவலே அடுத்த பெட்டியை விற்றுத் தரும் என்பதைக் கணக்கில் கொள்ளவில்லை.

2013ஆம் ஆண்டு இந்த வழக்கு ஊரறிய அம்பலத்துக்கு வந்தது. மே மாதம் மைக்ரோசாப்ட் எக்ஸ்பாக்ஸ் ஒன் பெட்டியை அறிவித்தபோது, தகட்டில் வாங்கிய விளையாட்டும் வாங்கியவரின் கணக்கோடு பிணைக்கப்படும், பெட்டி நாள்தோறும் இணையத்தோடு தொடர்பு கொண்டு அனுமதி பெற வேண்டும், பிறருக்குக் கொடுப்பதற்கும் மறுவிற்பனைக்கும் கட்டுப்பாடுகள் உண்டு என்பவை தெரியவந்தன. ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சல்ஸ் கண்காட்சியில் சோனி, தன் புதிய பெட்டியில் இத்தகைய தடைகள் ஏதுமில்லை என்று மேடையில் அறிவித்தது. அரங்கம் கரவொலியில் அதிர்ந்ததாம். அத்தோடு நில்லாமல், ‘உங்கள் விளையாட்டை நண்பரோடு பகிர்ந்துகொள்வது எப்படி’ என்று விளக்கும் அரை நிமிடம்கூட ஓடாத ஒரு படத்தையும் வெளியிட்டது. ஒருவர் தகட்டு உறையை நீட்டுகிறார்; மற்றவர் வாங்கி நன்றி சொல்கிறார். படம் முடிந்தது.

அப்படத்தை முதலில் பார்த்தபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. சற்று நேரத்தில் சிரிப்பு நின்றது. அஸ்தினாபுரத்தில் எட்டு வயதுப் பிள்ளைகள் கேட்காமல் செய்த காரியம், உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்று பெருமையோடு அறிவிக்கும் சலுகையாகிவிட்டதே என்ற எண்ணமே காரணம். மைக்ரோசாப்ட் ஜூன் 19 அன்று தன் திட்டத்தைக் கைவிட்டது. ஆனால் பெயர் கெட்டது கெட்டதுதான். அதன் பெட்டி 499 டாலர், சோனியினுடையது 399 டாலர் என்ற வேறுபாடும் சேர்ந்துகொண்டது. பிளேஸ்டேஷன் 4 உலகெங்கும் 11 கோடியே 70 இலட்சத்துக்கு மேல் விற்றது. மைக்ரோசாப்ட் 2015இல் தன் விற்பனை எண்ணிக்கையை வெளியிடுவதையே நிறுத்திக்கொண்டது.

இத்தோடு கதை முடிந்திருந்தால் இரவலின் வெற்றி என்று எழுதி நிறைவு செய்யலாம். ஆனால் வாசல் வழியே வர முடியாதது வசதி என்ற பெயரில் சன்னல் வழியே வந்துவிட்டது. 2020 நவம்பரில் மைக்ரோசாப்ட் இங்கு வெளியிட்ட இரண்டு பெட்டிகளில் விலை குறைந்ததில் தகடு செருகும் இடமே இல்லை. 2021 பிப்ரவரியில் சோனி இங்கு வெளியிட்ட பிளேஸ்டேஷன் 5இலும் அப்படியொரு வகை இருந்தது: தகடு உள்ளது 49,990 ரூபாய், இல்லாதது 39,990 ரூபாய். கட்டாயம் ஏதுமில்லை. நாமே விரும்பி, பத்தாயிரம் ரூபாயை மிச்சம் பிடித்து, இரவல் கொடுக்கும் உரிமையை விற்றுவிடலாம்.

பதிவிறக்கி வாங்கிய விளையாட்டு நம்முடையதா? நிண்டெண்டோ தன் இரண்டு பழைய பெட்டிகளுக்கான இணையக் கடையில் விற்பனையை 2023 மார்ச்சில் முடித்துக்கொண்டது. யூபிசாஃப்ட் நிறுவனம் ‘தி க்ரூ’ என்ற கார்ப் பந்தய விளையாட்டின் சேவையை 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியதும், காசு கொடுத்து வாங்கியவர்களாலும் அதை ஆட முடியாமல் போயிற்று. அதில் தகடாக வாங்கியவர்களும் அடக்கம். இதையெல்லாம் கண்ட கலிபோர்னிய மாநிலம், இவ்வாறு விற்கும்போது ‘வாங்கு’ என்ற சொல்லைப் பயன்படுத்தினால், கிடைப்பது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று சட்டம் இயற்றியது; அது 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒரு வினைச்சொல்லின் பொருளைக் காக்க அரசு சட்டம் செய்ய நேர்ந்ததை மொழியாசிரியர்கள் கவனிக்க வேண்டும். ‘இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம்’ என்ற பழமொழியை வகுப்பில் விளக்க இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது. நாம் இரவல் கொடுப்பவர்களாக இருந்தோம். இப்போது நிறுவனத்திடம் இரவல் வாங்குபவர்களாக ஆகியிருக்கிறோம். சேலைக்குரியவள் எப்போது திருப்பிக் கேட்பாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

விளையாட்டுதானே, போனால் போகட்டும் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு உ.வே.சாமிநாதையரை நினைவுபடுத்த விரும்புகிறோம். கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார் 1880இல் சீவக சிந்தாமணியைப் படிக்கத் தூண்டித் தம்மிடமிருந்த பிரதியையும் கொடுத்திரார் எனில், 1887இல் அக்காப்பியம் அச்சேறியிருக்குமா? மடங்களிலும் வீடுகளிலும் இருந்த ஏடுகளைக் கேட்டு வாங்கி, ஒப்பிட்டுத்தான் ஐயர் அந்தப் பதிப்பைச் செய்தார். ஏடு வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் அதன் பெருமையை அறிந்தவர்கள் அல்லர். ஆனால் எடுத்துக் கொடுக்கும் உரிமை அவர்கள் கையில் இருந்தது. ஒவ்வோர் ஏடும் ஒருவர் பெயரோடு பிணைக்கப்பட்டு, அவர் மறைந்ததும் திறக்காமற் போயிருந்தால் இன்று நாம் பாடம் நடத்த என்ன மிஞ்சியிருக்கும்? மரியோவும் சிந்தாமணியும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. எது நிலைக்கத் தக்கது என்பதை அவ்வக் காலத்தவர் அறிவதில்லை. அறியாத காலத்தில் பொருளைக் காப்பாற்றுவது கைமாறும் வழக்கமே என்றுதான் சொல்கிறோம்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனால் இது கண்கூடாகத் தெரியும். பழைய மிக்ஸி, கடிகாரம், தொலைபேசிகளுக்கு இடையே சாக்கு விரிப்பில் பழைய விளையாட்டுப் பெட்டியும் கீறல் விழுந்த தகடுகளும் கிடக்கும். முப்பது ஆண்டுப் பழைய கேசட்டை ஊதிச் செருகினால் இன்றும் ஓடும். தகடில்லாப் பெட்டி ஒரு நாள் அதே விரிப்புக்கு வரும்போது வெறும் பெட்டியாக மட்டுமே வரும்; அதன் விளையாட்டுகள் முதலாளியின் கணக்கோடு போயிருக்கும். சந்தையில் வாங்குபவர் யார் என்பதை எண்ணிப் பார்த்தால், இழப்பு யாருக்கு என்பது விளங்கும். புதிதாக வாங்க வசதி உள்ளவருக்கு இரவலும் பழஞ்சரக்கும் ஒரு பொருட்டே அல்ல.

2022இல் எங்கள் வீட்டிலும் இந்தத் தேர்வு வந்தது. பிள்ளை பத்தாம் வகுப்பை முடித்திருந்தான். நெடுநாள் வாக்குறுதி, தள்ளிப்போட முடியவில்லை. “அப்பா, தகடு இல்லாததே போதும். பத்தாயிரம் குறையும், ஆட்டம் எல்லாம் ஒண்ணுதான்” என்றான் அவன். குடும்பக் கணக்கை அறிந்து பேசும் பிள்ளை. அந்தத் தொகைக்கு வீட்டில் வேறு செலவுகள் வரிசையில் நின்றன என்பதும் உண்மை. இரண்டு நாள் பேசினோம். தெருவில் வேறு யாரிடம் அப்பெட்டி இருக்கிறது என்று கேட்டோம். மூன்று பேர் பெயரைச் சொன்னான். அவர்களில் இருவரிடம் தகடு உள்ள பெட்டி. “அப்படியானால் அவர்களிடம் உள்ளதெல்லாம் உனக்கும் உண்டு” என்றோம். அவன் சற்று யோசித்து, “என்கிட்ட உள்ளது அவங்களுக்கும்” என்றான். தகடு உள்ள பெட்டியையே வாங்கினோம்.

எங்கள் வீட்டில் புத்தக இரவலுக்கென்று ஒரு குறிப்பேடு உண்டு. வாங்கியவர் பெயர், நூலின் பெயர், நாள் என மூன்று பத்திகள். அதன் கடைசிப் பக்கங்களில் பிள்ளை தன் தகடுகளை எழுதி வைக்கிறான். போன மாதம் புரட்டிப் பார்த்தோம். எங்கள் பக்கத்தில் மாணவர் ஒருவரிடம் சென்ற சிலப்பதிகார உரையொன்று ஈராண்டாகத் திரும்பவில்லை. அவன் பக்கத்தில் ஒரு கால்பந்துத் தகடு நான்கு மாதமாக எதிர்வீட்டில் இருக்கிறது. கேட்டு வாங்க வேண்டியதுதானே என்றதற்கு, அந்தப் பையனுக்குத் தேர்வு நடக்கிறது, முடியட்டும் என்றான்.